இருபத்திரண்டு பங்காளிகளின் முதலாளி

1993ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், றக்வான பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த நடராஜா முப்பத்தெட்டு ஏக்கர் தேயிலைத் தோட்டத்துக்கு உரிமையாளரானார். அன்று பின்னேரமே எம்பிலிப்பிட்டியவுக்கு பஸ் ஏறிப் போய், காக்கி அரைக் காற்சட்டை இரண்டும், முழங்கால்வரை வரும் வெள்ளைக் காலுறை நான்கு சோடியும் வாங்கி வந்தார். தோட்டத்துக்கு உரம் வாங்கியது அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான்.

வெள்ளைக்காரத் துரைமார் போய் இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. றக்வான மலையில் காலுறையைப் பற்றி எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நடராஜா மட்டும் மறக்கவில்லை. தெரணியகலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில், பால் வெட்டும் தகப்பனுக்கு மகனாக, பத்தடிக்குப் பத்தடி லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அவர். சிறு வயதில் பார்த்த ஏதோ ஒரு துரையின் கால்கள் அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டன போலும். கேட்டால், "எங்க அப்பா யாவாரி" என்பார். பஜாரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கடனுக்கு ஆணி வாங்குகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நிலத்தோடு இரண்டு லயமும், அதில் குடியிருந்த இருபத்திரண்டு தொழிலாளர்களும் அவருக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் பதினேழு பேர் பெண்கள். பழைய முதலாளி தன் காலத்துக் கணக்கையெல்லாம் அவர்களுக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த நல்ல பழக்கத்தை அவர் நிலத்தோடு சேர்த்து விற்க மறந்துவிட்டார்.

தேயிலையைப் பற்றி நடராஜாவுக்கு ஒன்றும் தெரியாது. கவ்வாத்து வெட்டுவது எப்போது, எந்த மலையில் கொழுந்து முற்றுகிறது என்பதெல்லாம் கணக்கப்பிள்ளை கன்னையாவின் தலைவலி. நடராஜாவுக்குத் தெரிந்ததும் பிடித்ததும் ஒன்றே ஒன்று: பிரட்டு. காலை ஆறேகாலுக்குத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, ஆள் பார்த்து, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதைத் தோட்டங்களில் அப்படிச் சொல்வார்கள். பெரிய தோட்டங்களிலேயே துரைமார் பிரட்டுக்கு வருவது குறைந்துபோயிருந்த காலம். நடராஜா ஒரு நாளும் தவறவில்லை. பலாமரத்தில் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கன்னையா அதை அடிப்பார். பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு வந்து வரிசையாக நிற்பார்கள். நடராஜா காலுறையோடும் கைத்தடியோடும் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார். பிறகு திரும்பி நடப்பார். அவ்வளவுதான் அவருடைய தோட்ட நிர்வாகம். அது முடிந்ததும் பிக்கப்பில் ஏறி இரும்புக் கடைக்குப் போய்விடுவார்.

பிந்தி வந்தவர்களுக்கு அரைப் பேர். தோட்டக் கணக்கில் ஒரு நாள் சம்பளம் என்றால் ஒரு பேர். முழு நாள் நின்று, சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர். பிந்தினால் அரைப் பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர், நடராஜாவுக்கு அன்று வயிறு சரியில்லையென்றாலும் அரைப் பேர். "அரைப் பேர்!" என்று தடியை நீட்டிச் சொல்லும்போது அவருக்கு ஒரு அங்குலம் உயரம் கூடியதுபோலிருக்கும் என்று தோட்டத்துப் பெண்கள் சொல்வார்கள். அவர் ஐந்தடி மூன்றங்குலம். அந்த ஒரு அங்குலம் அவருக்குத் தேவைப்பட்டது.

நாட்டில் சம்பளச் சபை என்று ஒன்று இருக்கிறது. தேயிலை பறிக்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இதற்குக் குறையாமல் கொடு என்று அது சொல்லும். கொழுந்து பறிப்பவர் கம்பனித் தோட்டத்தில் பறித்தாலும் கடைக்காரரின் தோட்டத்தில் பறித்தாலும் சட்டம் ஒன்றுதான். நடராஜாவுக்கு இந்தப் பின்பாதி பிடிக்கவில்லை. சம்பளம் கூடிய ஒவ்வொரு தடவையும் அவர் நான்கைந்து மாதம் பிந்தித்தான் கூட்டினார். கேட்டால், "கடுதாசி எனக்கு வரல்லியே" என்பார். முதுமைக்கான சேமலாப நிதிக்குச் சிலருக்குக் கட்டினார், சிலருக்குக் கட்டவில்லை. எந்தச் சிலருக்கு என்பது அவர்களுக்கே தெரியாது.

2006 டிசம்பரில் பெரிய தோட்டங்களில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே நாட்சம்பளம் கூடியது. அடுத்து நம்மிடமும் வருவார்கள் என்று நடராஜா பயந்தார். எம்பிலிப்பிட்டியவில் தனக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்த நொத்தாரிசைத் தேடிப் போனார். நொத்தாரிசு பிளேன்டி ஒன்று வரவழைத்துக் கொடுத்துவிட்டு வழி சொன்னார். சம்பளச் சட்டம் தொழிலாளிகளுக்குத்தானே? தொழிலாளியே இல்லாத தோட்டத்தில் சட்டத்துக்கு என்ன வேலை? எல்லோரையும் பங்காளிகளாக்கிவிட்டால் சம்பளமும் இல்லை, சேமலாபமும் இல்லை, வேலையை விடும்போது கொடுக்கும் சேவைக்காலப் பணமும் இல்லை. கொழுந்து விற்ற காசில் கிலோவுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுத்தால் போதும்.

பத்திரம் சிங்களத்தில் எழுதப்பட்டது. இரண்டாவது பக்கத்தில், இவர்கள் 1993ஆம் ஆண்டு தொடக்கமே பங்காளிகளாக இருந்துவந்தவர்கள் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. பதினான்கு வருட வேலையை ஒரே வரியால் இல்லாமலாக்கும் யோசனை. அதற்கு நொத்தாரிசு தனியாகக் கட்டணம் வாங்கினார்.

2007 சித்திரைப் புதுவருடத்துக்கு மறுநாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் விழா வைத்தார்கள். இருபத்திரண்டு பேருக்கும் பூமாலை, ஆளுக்கு ஒரு சேலையோ சாரமோ, ஒரு பெட்டி லட்டு. பஜாரிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். நடராஜா காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்.

"இன்னையிலருந்து நீங்க யாரும் கூலிக்காரங்க இல்ல. எல்லாரும் மொதலாளி. நானும் மொதலாளி, நீங்களும் மொதலாளி."

"அப்ப லாபத்துல எங்களுக்கும் பங்குங்களா?" என்று கேட்டார் இருளாயி. முப்பது வயது, வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்பவர்.

"பின்ன? அதுக்குத்தானே இது!"

"நட்டம் வந்தா?"

"நட்டம் ஏன் புள்ள வருது? நல்ல நாளும் அதுவுமா... வாயக் கழுவிட்டு வா."

மருதாயி மாலையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்: "நாளைக்குக் காலையில பிரட்டுக்கு வரத் தேவையில்லீங்களே மொதலாளி? மொதலாளிக்கெல்லாம் ஏதுங்க பிரட்டு?"

நடராஜாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "பிரட்டு வேற, பங்கு வேற. ஆறேகாலுக்கு வந்துருங்க."

எல்லோரும் பத்திரத்தில் பெருவிரல் வைத்தார்கள். வைக்காதவர்களுக்கு லயத்துக் காம்பரா இல்லை என்று கன்னையா முதல்நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

அப்போது மருதாயிக்கு ஐம்பத்துமூன்று வயது. புருஷன் செத்துப் பல வருடம். வாய் நீளம், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. பஜாரிலும் பஸ்ஸிலும் சண்டை பிடித்தே சிங்களம் பழகியவர். பத்திரத்தில் இருந்த 'ஹவுல்காரயோ' என்ற சொல்லை, அதாவது பங்காளிகள் என்பதை, மறுநாளே மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். "ஏய் ஹவுல்காரி, கொஞ்சம் வெத்தல தா", "ஹவுல்காரம்மா, அட்டை கடிக்குது பாரு" என்று கொழுந்து மலை முழுக்க அதே பேச்சாகிவிட்டது. அட்டை பங்காளி என்றெல்லாம் பார்க்கவில்லை. கடித்தது.

பங்காளித்தனம் எப்படி நடந்ததென்றால், எல்லாம் முன்போலவே நடந்தது. ஆறேகாலுக்குத் தண்டவாளத் துண்டு அடித்தது. வரிசை நின்றது. கைத்தடி நடந்தது. பிந்தியவர்களுக்கு அரைப் பேர் விழுந்தது, பங்கில் கழித்துக்கொள்ளப்பட்டது. மாறியது ஒன்றுதான்: மாதக் கடைசியில் கையில் வந்த காசு. கொழுந்துக்கு நல்ல விலை இருந்த காலத்தில் "உரத்துக்குப் போச்சு" என்றார் நடராஜா. 2008 கடைசியில் உலகச் சந்தையில் தேயிலை விலை விழுந்து, தொழிற்சாலைக்காரர்கள் பச்சைக் கொழுந்தின் விலையைப் பாதியாக்கியபோது, பங்காளிகளின் பங்கும் ஒழுங்காகப் பாதியானது. பங்காளி ஒப்பந்தத்தில் நடராஜா நூற்றுக்கு நூறு நேர்மையாக நடந்துகொண்ட இடம் அது ஒன்றுதான்.

அந்த ஐப்பசி மழையில் மருதாயியின் முழங்கால் வீங்கியது. ஏற்றத்தில் கூடையோடு ஏற முடியவில்லை. எம்பிலிப்பிட்டியவில் கட்டிக்கொடுத்த மகள் ஷாமிளா, "வேலைய விட்டுட்டு இங்க வந்துரும்மா" என்று அழைத்துக்கொண்டேயிருந்தார். போகலாம். ஆனால் மருமகனின் வீட்டில் ஒரே அறை. சேவைக்காலப் பணம் கைக்கு வந்தால் பக்கத்தில் இன்னொரு அறை இறக்கலாம். வெறுங்கையோடு போய் மருமகன் வீட்டுக் குசினியில் பாய் விரிக்க மருதாயி தயாராக இல்லை. அந்தப் பணத்துக்குத்தான் இத்தனை வருடம் மழையில் நனைந்தது.

கடைக்கே போய்க் கேட்டார். நடராஜா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, எனக்கு முடியலீங்க. கணக்கத் தீத்து விட்டீங்கன்னா மக வீட்டுக்குப் போயிருவேன்."

"என்ன கணக்கு?"

"சேவக்காலக் கணக்குங்க. பதினஞ்சு வருஷமாச்சு."

நடராஜா சிரித்தார். "பங்காளிக்கு ஏது மருதாயி சேவக்காலம்? எனக்கு யாரு தாராங்க சேவக்காலம்? நான் கேக்குறனா?"

"நீங்க கொழுந்து பறிச்சீங்களா?"

"வாய அடக்கிப் பேசு. நீயே வெரல் வச்சுக் குடுத்துருக்க, மொதல்லருந்தே பங்காளின்னு. சட்டப்படி நீ எங்கிட்ட ஒருநாளும் வேல செய்யல்ல."

"அப்ப இவ்வளவு நாளும் அந்த மலையில நின்னது யாருங்க?"

நடராஜா குரலைத் தாழ்த்தினார். தராசில் இருந்த கையை எடுக்கவில்லை. "இந்த நேரத்துல நம்மாளுங்க ஒபிஸ், கச்சேரின்னு அலையக் கூடாது, தெரியுமில்ல? அங்க சண்ட நடக்குது. இங்க ஒரு வார்த்த போதும், புலின்னு புடிச்சிட்டுப் போயிருவானுக. ஒன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

வடக்கில் சண்டை நடக்கும் இடத்திலிருந்து பகல் முழுக்க பஸ்ஸில் வந்தாலும் சேராத தூரத்தில், ஒரு வயதான கொழுந்துக்காரியைப் பயங்காட்ட நடராஜாவுக்கு அந்தச் சண்டை உதவியது. அதற்கும் அவர் செலவழிக்கவில்லை.

மருதாயி அடுத்த திங்கட்கிழமை இருளாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இரத்தினபுரிக்கு பஸ் ஏறினார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் மருதாயி சிங்களத்தில் முழங்கால் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முழுக்கக் கேட்கப் பொறுமையில்லாமல் விட்டுவிட்டார்கள். தொழில் திணைக்களத்தில் குமுதினி என்ற அதிகாரி முறைப்பாட்டை எழுதிக்கொண்டார். எழுதி முடித்து ஒன்றைத்தான் சொன்னார்: பத்திரத்தில் விரலடையாளம் இருக்கிறது, அதனால் தோட்டத்துக்கே வந்து பார்க்க வேண்டும். இவர்கள் உண்மையில் பங்காளிகளாக நடத்தப்படுகிறார்களா, வேலைக்காரர்களாக நடத்தப்படுகிறார்களா என்பதைக் கண்ணால் கண்டால்தான் தீர்ப்பு எழுதலாம். டிசம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார். சட்டப்படி நடராஜாவுக்கும் அறிவித்தல் போனது.

அறிவித்தல் கிடைத்ததும் நடராஜா நொத்தாரிசுக்கு டெலிபோன் எடுத்தார். நொத்தாரிசு சொன்ன புத்தி இது: அன்றைக்குப் பிரட்டு கூடாது. தண்டவாளம் அடிக்கக் கூடாது. கைத்தடி, அரைக் காற்சட்டை, காலுறை எதுவும் கூடாது. பங்காளிகள் தம் விருப்பத்துக்கு வரட்டும், விருப்பமான மலையில் பறிக்கட்டும். முதலாளி என்று ஒருவரும் கூப்பிடக் கூடாது.

நடராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலுறை என்றதும் மட்டும், "அதுவுமா?" என்று கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மடுவத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார். கூப்பிடத் தண்டவாளத்தைத்தான் அடித்தார்கள். வேறு வழி தெரியவில்லை.

"செவ்வாக்கெழம மிஸ் வருவாங்க. என்னைய 'அண்ணே'ன்னு கூப்புடணும். வெளங்குதா?"

"சரிங்க மொதலாளி."

"மொதலாளி இல்ல! அண்ணே!"

"சரிங்க அண்ணே மொதலாளி."

"யாரது? யாரு சிரிக்கிறது? கன்னையா, யாருன்னு பாரு!"

கன்னையா பார்த்தார். பதினேழு பெண்களும் கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தன மணிக்கு வரணுங்க அண்ணே?" என்று கேட்டார் மருதாயி.

"ஒங்க இஷ்டம். பங்காளிக்கு நேரமில்ல."

"எந்த மலையில பறிக்கணும்?"

"அதுவும் ஒங்க இஷ்டம்."

"இதையெல்லாம் மிஸ்ஸு முன்னாலயும் செய்யலாங்களா?"

"அவங்க முன்னால கட்டாயம் செய்யணும்!" என்றார் நடராஜா. இந்தப் பதிலுக்காக அவர் பிறகு வெகுநாள் வருந்தினார்.

அன்று பின்னேரம் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்குள் வாக்குவாதம். லயத்தை விட்டு விரட்டிவிட்டால் எங்கே போவது என்று பாதிப்பேருக்குப் பயம். மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் நாளைக்கே கன்னையா சாமான்களை வெளியே எறிவார். பொய் சொன்னால் மருதாயியின் பணம் போச்சு, நாளைக்கு நம்முடையதும் போச்சு. இருளாயி அழாத குறை.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் மருதாயி. "உண்மையும் வேணாம், பொய்யும் வேணாம். அவரு சொன்னபடியே நடப்போம். ஒரே ஒரு நாளைக்கு நெசமாவே பங்காளியா இருப்போம். அதுக்கு யாரு நம்மள வெரட்ட முடியும்?"

"அவரு தாங்குவாரா அக்கா?"

"அதத்தான் பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை விடிந்தது. ஆறேகாலுக்குத் தண்டவாளம் அடிக்கவில்லை. சாரமும் வெள்ளைச் சட்டையுமாக நடராஜா மடுவத்து முற்றத்தில் நின்றார். எதிரே யாருமில்லை. அவர் அந்த வெறும் நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்ததையும், திரும்பி நடந்ததையும் கன்னையா பார்த்தார். ஏழு மணிக்கும் யாரும் வரவில்லை. லயத்துப் பக்கமிருந்து வானொலிச் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டு மணிக்குக் குமுதினி த்ரீவீலரில் வந்து இறங்கினார். கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரைகள் போடப்பட்டிருந்தன. நடராஜா கைகூப்பி, சிங்களத்தில், இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்போல என்றார். தன்னை அவர்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார். குமுதினி எழுதிக்கொண்டார்.

எட்டரைக்கு மருதாயி வந்தார். பின்பக்கக் குறுக்குப் பாதையால் அல்ல, பிக்கப் வரும் முன்பக்கத்து றோட்டால். கூடை இல்லை. நேரே வந்து நடராஜாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"என்னண்ணே, சாப்புட்டீங்களா?"

நடராஜா தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டார். பதினைந்து வருடத்தில் அவர் முன்னால் ஒரு தொழிலாளி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "சாப்... சாப்பிட்டேன்."

"கன்னையாண்ணே, எனக்கொரு பிளேன்டி. சீனி கொறச்சு."

கன்னையா நடராஜாவைப் பார்த்தார். நடராஜா கூரையைப் பார்த்தார். தேநீர் வந்தது.

ஒன்பதுக்குப் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள் தலை வாரி, பூ வைத்து, புதுவருடத்துக்குக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டும், ஆண்கள் புதுச் சாரத்தோடும் வந்தார்கள். கதிரை கிடைத்தவர்கள் உட்கார்ந்தார்கள். கிடைக்காதவர்கள் நடராஜாவின் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"நான் இன்னைக்கு ஏழாம் மலைக்குப் போவல்லண்ணே" என்றார் இருளாயி. "அங்க அட்ட கூட. பின்னேரமா வெயில் சாஞ்சதும் ரெண்டாம் மலையில கொஞ்சம் பறிக்கலாம்னு பாக்குறேன்."

"ரெண்டாம் மலை போன வாரந்தானே பறிச்சது..." நடராஜாவின் குரல் உயர ஆரம்பித்து, குமுதினியின் பேனாவைக் கண்டதும் இறங்கியது. "சரி. ஒங்க இஷ்டம்."

"யார் எந்த மலையில் பறிப்பது என்பதை யார் தீர்மானிப்பது?" என்று குமுதினி கேட்டார்.

"அவங்கதான் மிஸ். அவங்களேதான்." நடராஜா வியர்வையைச் சாரத்து நுனியால் துடைத்தார்.

ஏழாம் மலை மடுவத்துக்கு நேரெதிரே இருக்கிறது. மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு அங்கே கொழுந்து தளதளவென்று நின்றது. இன்றைக்குப் பறிக்காவிட்டால் முற்றிவிடும். தேயிலை தெரியாத நடராஜாவுக்கும் அவ்வளவு தெரியும். இருபத்திரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு, மருதாயியின் மருமகன் கட்டப்போகும் அறைக்குச் சீமெந்து போடுவதா சாணம் மெழுகுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி, பத்தரை. கன்னையா தரையைப் பார்த்தபடி நின்றார்.

பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் கொழுந்து லொறி மேலே ஏறி வந்தது. அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் சொல்லும் முஸ்லிம் சாரதி றஊப் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன மொதலாளி, சாக்கக் காணோம்? கொழுந்து எங்க?"

நடராஜா குமுதினியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பங்காளிகள்லாம் கூட்டத்துல இருக்கோம் நானா" என்றார் மருதாயி. "கொஞ்சம் பொறுங்க. டீ குடிக்கிறீங்களா?"

றஊப் கதிரைகளைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார், நடராஜாவின் சாரத்தைப் பார்த்தார். "வேணாம் தாத்தா. நீங்க ஆறுதலா குடிங்க. எனக்கு இன்னும் நாலு தோட்டம் போவணும்." லொறியைத் திருப்பத் தொடங்கினார். போகிற போக்கில், "மொதலாளி, ஒங்களுக்கு இங்க வேற ஏதாச்சும் வேல இருந்தா சொல்லுங்க, நானும் பங்குக்கு வாறேன்" என்றார்.

அந்த வெறும் லொறியின் பின்புறம் வளைவில் மறைந்ததும் நடராஜா எழுந்தார். கதிரை பின்னால் சரிந்தது.

"நாய்களா! கன்னையா, அடிடா தண்டவாளத்த! பிரட்டுக்கு நில்லுங்கடி எல்லாம்! கதிரையா கேக்குது? எல்லாருக்கும் அரைப் பேர்! இன்னைக்கு அரைப் பேர், நாளைக்கும் அரைப் பேர்!"

கன்னையா அடித்தார். அவருடைய கை கேட்டுப் பழகிய குரல் அது.

அதன் பிறகு நடந்ததைக் குமுதினி தன் அறிக்கையில் நான்கு வரியில் எழுதியிருக்கிறார். அந்த முதல் சத்தம் அடங்குவதற்குள் இருபத்திரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். பிக்கப்பிலிருந்து குதித்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, யாரும் இடம் தேடவில்லை. ஒவ்வொருவரும் தன் தன் இடத்தில், ஆளுக்கு ஒரு முழ இடைவெளியில், கயிறு பிடித்ததுபோல் வரிசையாக நின்றுவிட்டார்கள். மருதாயி நொண்டிக்கொண்டு வந்து முன்பக்கத்தில் மூன்றாவதாக நின்றார்.

குமுதினி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கன்னையாவிடம் கேட்டார்: "இது ஒவ்வொரு நாளும் நடக்குமா?"

"நடக்கும் மிஸ்" என்றார் கன்னையா. அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்லியே பழகியவர் அவர். "ஞாயித்துக்கெழமையில மட்டும் இல்ல."

"அரைப் பேர்?"

"பிந்துனா அரைப் பேர் மிஸ்."

நடராஜா அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்தார். வரிசைக்கு முன்னால், சரியாக நடுவில், கைத்தடி இல்லாத வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார். கையைக் கீழே இறக்கினார். "இது சும்மா மிஸ்" என்றார் சிங்களத்தில். "காலையில ஒரு உடற்பயிற்சி. உடம்புக்கு நல்லது."

"பதினொன்றே கால் ஆகிறது" என்றார் குமுதினி.

மருதாயி வரிசையில் நின்றபடியே சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், ஹவுல்காரயோ எல்லாரும் வந்துட்டோம். ஆள் எண்ணிக்கிறீங்களா?" வரிசையின் கடைசியில் இருளாயி முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

இரத்தினபுரியில் விசாரணை இரண்டு தடவை நடந்தது. நொத்தாரிசு முதல் தடவை வந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு, இரண்டாவது தடவைக்குத் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். 2009 மார்ச் மாதம் முடிவு வந்தது. இருபத்திரண்டு பேரும் 1993 முதல் தொழிலாளர்கள். குறைத்துக் கொடுத்த சம்பளம், கட்டாத சேமலாபம், வேலையை விடுகிறவர்களுக்குச் சேவைக்காலப் பணம் எல்லாவற்றையும் நடராஜா தவணையில் கட்ட வேண்டும்.

பஜாரில் நடராஜா இப்போது வேறு கதை சொல்கிறார். கூலிக்காரர்களை முதலாளியாக்கிப் பார்த்த ஒரே மனிதன் தானென்றும், அவர்களுக்கு அது கொடுத்துவைக்கவில்லை என்றும் ஆணி வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறார். கடனுக்கு வாங்குகிறவர்கள் தலையாட்டுகிறார்கள். காசுக்கு வாங்குகிறவர்கள் மீதியை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

முதல் தவணையை ஏப்ரல் முப்பதாம் திகதிக்குள் கட்ட வேண்டும். அதற்காக இரண்டாம் மலையைச் சேர்ந்த ஆறு ஏக்கரை விற்பதற்குத் தரகர் ஒருவரைப் பிடித்திருக்கிறார். மருதாயி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய கடைசி வேலை நாள் மே மாதம் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை.